விருதுநகர் பக்கம்

நான் குடியிருப்பது குரோம்பேட்டையில். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் ஏறினால் பல்லாவரம் எங்கே முடிந்தது, தாம்பரம் எங்கே தொடங்கியது என்று கடைப் பலகைகளில் இருக்கும் முகவரியைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். எங்கள் தெருவில் அன்று எதுவும் மாறவில்லை. எப்போதோ ஒட்டிப்போன ஊர்களைக் காகிதத்திலும் ஒட்டினார்கள், அவ்வளவுதான்.

அதற்குச் சில நாள் முன்னால்தான் சிவகாசி நகராட்சியும் திருத்தங்கல் நகராட்சியும் சேர்ந்து சிவகாசி மாநகராட்சி ஆயின. செய்தியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கரிசல்காட்டில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் வெளிதானே, அங்கே ஊர்கள் எப்படி ஒட்டும்? மல்லாங்கிணற்று நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "எங்க அக்கா வீடு மல்லாங்கிணத்துலதான் இருக்கு. கிளம்பி வாங்க, ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவோம்" என்றார். போவதற்குச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஓர் ஆவணி மாதம் கிளம்பினோம்.

மல்லாங்கிணறு

மதுரையிலிருந்து தூத்துக்குடி சாலையில் தெற்கே போனோம். விமான நிலையம் தாண்டி, வலையங்குளம் தாண்டியும் மதுரை விடவில்லை. கட்டடம் நின்ற இடத்தில் மனைப்பிரிவு தொடங்கியது. மஞ்சளும் வெள்ளையும் அடித்த கற்கள், வெயிலில் நிறம் போன கொடிகள், ஆர்ச் ஒன்று, ஆர்ச்சுக்கு உள்ளே நான்கு தென்னங்கன்றுகள். வீடு ஒன்றுகூட இல்லை. காரியாபட்டி கடந்து கல்குறிச்சியில் திரும்பிய பிறகுதான் கரிசல் முகம் காட்டியது. உழுது போட்ட கறுப்பு மண் மழைக்குக் காத்துக் கிடந்தது. ஓரங்களில் சீமைக்கருவேலம். நடுநடுவே பனை.

மல்லாங்கிணறு ஒரு சின்னப் பேரூராட்சி. ஆனால் எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனுக்கு இதுதான் ஊர். கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனும் அவருடைய தம்பி, அரசியல்வாதி தங்கம் தென்னரசும் இந்த ஊர்க்காரர்கள்தாம். "இந்த ஊர்த் தண்ணியில என்னமோ இருக்கு" என்றேன். நண்பர் சிரித்தார். "ஊர்ப் பேருலயே கிணறு இருக்கு. தண்ணிதான் இருந்ததில்ல."

அக்கா சோறு போட்டார். கருவாட்டுக் குழம்பு, மிதுக்க வத்தல், கெட்டி மோர். மிதுக்க வத்தலை நான் அன்றுதான் முதன்முதலாகச் சாப்பிட்டேன். கரிசல்காட்டில் தானாகப் படரும் கொடியின் காய். கசப்பும் உப்புமாக நாக்கில் நின்றது. "மெட்ராஸ்ல இது கிடைக்குமா தம்பி?" என்று கேட்டார். கிடைக்காது என்றேன். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றோம். கையில் தூக்குவாளியோடு பெண்கள். ஒரு வேன் நூல் மில்லுக்கு. இன்னொன்று ஆமத்தூர்ப் பக்கம், பயராபீசுக்கு. இங்கே பட்டாசு ஆலையை அப்படித்தான் சொல்கிறார்கள். தீப்பெட்டி ஆலை, தீப்பெட்டியாபீஸ். அச்சகம், அச்சாபீஸ். எந்த வேலையிடமும் இவர்களுக்கு ஆபீஸ்தான். பின்னாலேயே வந்த விருதுநகர் பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் ஏறினார்கள். ஏழரை மணிக்கெல்லாம் ஊர் பாதி காலி.

அங்கே நின்றிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஒவ்வொரு ஊரும் ஏன் இவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கு?" என்று கேட்டேன். என்னை வேற்றுக்கிரகவாசி மாதிரி பார்த்தார். "கம்மா எங்கனயோ அங்கனதான ஊரு. ஒரு கம்மாத் தண்ணி எம்புட்டுப் பேருக்குக் காணும்? மிச்சப் பேரு அடுத்த கம்மாயப் பாத்துப் போயிருவாக." ஊர்களுக்கு நடுவே இருக்கும் தூரத்தை அளந்து வைத்தது தண்ணீர் என்று அந்த ஒரு பேச்சில் விளங்கிவிட்டது. சுற்றிலும் உள்ள ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். அனுப்பன்குளம், தேவர்குளம், ஆனைக்குட்டம். எல்லாம் நீர்நிலைகள்.

விருதுநகர்

பட்டியாக இருந்து நகரான ஊர் இது. விருதுபட்டி என்ற பெயரை 1923-இல் நகராட்சி மன்றம் விருதுநகர் என்று மாற்றியது. காமராஜர் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னால் விருதுபட்டியில் பிறந்தவர். தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு 1956-இல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கியதும் இதே ஊரில்தான். அவர் உயிர் போய்ப் பல ஆண்டுகள் கழித்தே அந்தப் பெயர் கிடைத்தது. பெயர் மாற்றத்துக்கும் இந்த ஊருக்கும் ஏதோ பொருத்தம் இருக்கிறது.

ஊர் நடுவே தெப்பக்குளம். அதைச் சுற்றிக் கடைவீதி. துவரம்பருப்பு, உளுந்து, வத்தல், மல்லி, நல்லெண்ணெய் எல்லாம் கலந்த ஒரு வாசம் நாம் போகிற இடமெல்லாம் கூடவே வருகிறது. பேப்பரில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று சின்ன எழுத்தில் வருமே, அந்த விலை இங்கே பேசி முடிவாவது. பருப்புக் கடை அண்ணாச்சி ஒருவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "இந்த மண்ணுல என்ன வெளையும்? கொஞ்சம் மல்லி, கொஞ்சம் வத்தல், பருத்தி. நாங்க வெளைய வச்சு விக்கல. வாங்கித்தான் விக்கோம். பருப்பு வடக்க இருந்து வருது. வெலை மட்டும் எங்க சரக்கு."

1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை இந்த ஊர் வழியாகப் போனது. துறைமுகத்துக்கும் மதுரைக்கும் நடுவே வியாபாரிகளுக்கு ஒரு தங்குமிடம் கிடைத்தது. 1927-இல் இங்கிருந்து தென்காசிக்குக் கிளைப் பாதை பிரிந்தது. அந்தப் பாதையில் வரிசையாக வரும் நிலையங்கள் திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். தீப்பெட்டியும் பஞ்சும் இந்தத் தடத்தில்தான் வெளியே போயின. ஊர்களை ஒரே சரமாகக் கோத்த நூல் என்றால் அது இந்தத் தண்டவாளம்தான்.

அந்தச் சரத்துக்குள் கணக்கும் கொடுக்கல் வாங்கலும் ஓடின. கடைகளில் மகமை பிடித்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த க்ஷத்ரிய வித்யாசாலையில்தான் காமராஜரும் கொஞ்ச காலம் படித்தார். 1916-இல் இந்த ஊரில் தொடங்கிய காளிமார்க் சோடாக் கம்பெனியின் போவோன்டோவை நான் சென்னையில் குடித்தே வளர்ந்தேன். அது விருதுநகர்ச் சரக்கு என்று நெடுநாள் தெரியாது.

இரவு எண்ணெய் பரோட்டா. கல்லில் எண்ணெயைக் குளம் கட்டி அதில் பரோட்டாவைப் பொரிக்கிறார்கள். மொறுமொறுவென்று அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. அதைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊற வைத்துச் சாப்பிட வேண்டும். பக்கத்து மேசையில் இரண்டு லாரிக்காரர்கள். எந்த ஊர் என்று விசாரித்தேன். ஒருவர், "விருதுநகர் பக்கம்" என்றார். இன்னொருவர், "சிவகாசிப் பக்கம்" என்றார். இருவரும் ஒரே கிராமம் என்று சாப்பிட்டு முடிக்கும்போது தெரிந்தது.

ஆமத்தூர்ச் சாலை

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு ஆமத்தூர் வழியாகப் போனோம். இருபத்தைந்து கிலோமீட்டர்கூட முழுதாக இருக்காது. குரோம்பேட்டையிலிருந்து அவ்வளவு தூரம் போனால் எத்தனை லட்சம் பேரைக் கடந்திருப்பேன்! இங்கே ஜன்னலுக்கு வெளியே வெளிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வெறும் வெளி இல்லை. சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வேப்ப மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகள், ஒன்றை ஒன்று தொடாமல். பிள்ளைகள் விளையாடிவிட்டு எடுத்து வைக்க மறந்த தீப்பெட்டிகள் மாதிரி. எல்லாம் பயராபீஸ்.

டீக்கடையில் வேன் டிரைவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். "ஒரு ரூமுக்கும் இன்னொரு ரூமுக்கும் இம்புட்டு எடம் விடணும்னு சட்டம் இருக்குண்ணே. ஒரு ரூமுக்கு இத்தன ஆளுதான்னும் இருக்கு. ஒண்ணு வெடிச்சா ஒண்ணோட போகணும்ல." உரிமத்திலும் தரம் உண்டு. பெரிய ஆலை என்றால் 'நாக்பூர் லைசென்ஸ்'. வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால் அந்தப் பெயர். சின்னது என்றால் 'டிஆர்ஓ லைசென்ஸ்'. மருந்து கலக்குவதை வெயில் ஏறும் முன்பே முடித்துவிடுகிறார்கள்.

தண்ணீர் அளந்து வைத்த இடைவெளியை வெடிமருந்து தன் பங்குக்கு இன்னொரு தரம் அளந்திருக்கிறது என்று தோன்றியது. உலகம் முழுக்கத் தொழில் பெருகினால் ஊர்கள் நெருங்கும். ஆலையை ஒட்டி வீடு, வீட்டை ஒட்டிக் கடை. இங்கே பெருகிய தொழிலோ, என்னை விட்டுத் தள்ளி இரு என்று சொல்கிற தொழில்.

ஊர்கள் வளர்ந்து ஒன்றோடொன்று கலப்பதற்குக் 'கானர்பேஷன்' என்று பெயர் வைத்தவர் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1915-இல் வந்த அவருடைய நூலில் அந்தச் சொல் இருக்கிறது. அதே காலத்தில் அவர் நம் பக்கம்தான் இருந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை மதராசுக்கு ஏற்றி வந்த கப்பலை 1914-இல் எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. மறுபடி படங்கள் திரட்டிக் கண்காட்சி நடத்திவிட்டு, மதராஸ் மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். அவர் மனத்தில் இருந்தது இங்கிலாந்தின் நிலக்கரி ஊர்கள். புகைபோக்கிகளுக்கு நடுவே சந்து இல்லாமல் வீடு கட்டிய ஊர்கள். ஆமத்தூர்ச் சாலையை அவர் பார்த்திருந்தால் தன் சொல்லுக்கு ஒரு விதிவிலக்கு எழுதியிருப்பார்.

டீக்கடைக்கு எதிரே, சாலையின் மறுபக்கம், மதுரைச் சாலையில் பார்த்த அதே மஞ்சள் கற்கள். "பிளாட் போட்டுருக்காக" என்றார் டிரைவர். கொஞ்ச தூரத்தில் பட்டாசு அறைகள் தெரிந்தன. "அங்கன வீடு கட்டி யாராச்சும் குடி வருவாங்களா?" என்று கேட்டேன். "வரத்தான செய்வாக. ஊருக்குள்ள காணியே இல்லியே."

திருத்தங்கல்

திருத்தங்கல் குன்றின் மேல் ஏறினால் நின்ற நாராயணப் பெருமாள். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. அதே குன்றில் கருநெல்லிநாதர் சிவன் கோயிலும் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தான் தவறாகச் சிறைப்பிடித்த வார்த்திகனை விடுவித்து, தங்கால் என்ற ஊரை அவனுக்குக் கொடுத்ததாக ஒரு கதை வரும். அந்தத் தங்கால் இதுதான் என்பார்கள். பழம் புலவர்களில் தங்கால் பொற்கொல்லனார் என்று ஒருவர் உண்டு. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பேர் பெற்ற ஊர் இன்று, அதைவிட இளைய ஊரின் பெயரில் உள்ள மாநகராட்சியில் வார்டுகளாக இருக்கிறது. மொத்தம் 48 வார்டுகள்.

கோயில் படியில் பூ விற்கும் அம்மாவிடம் கேட்டேன், மாநகராட்சி ஆனதில் உங்களுக்கு என்ன வித்தியாசம் என்று. "லெட்டர்ல சிவகாசினு போடச் சொல்றாக. நான் திருத்தங்கல்னுதான் போடுவேன். வந்து சேருதே!" என்றார்.

குன்றின் மேலிருந்து பார்த்தால் திருத்தங்கலுக்கும் சிவகாசிக்கும் நடுவே தலைமுறைக்கு முன் இருந்த காடு இப்போது இல்லை. அச்சாபீஸ் தகரக் கூரைகள், லாரி ஷெட்டுகள், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று ஒரே ஓட்டம். நான் தேடி வந்த ஒட்டல் இங்கே நடந்திருக்கிறது. இங்கே மட்டும் ஏன் என்று யோசித்தேன். வெடிமருந்து வெளியே தள்ளி நிற்கும். காகிதம் ஊருக்குள்ளேயே இருந்துகொள்ளும். இரண்டு ஊரையும் ஒட்ட வைத்த பசை அச்சுத் தொழில்.

இன்னொரு ஒட்டலும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. விருதுநகர் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ஆனைக்குட்டம் அணையிலிருந்து போகிறது. அணை இருப்பது திருத்தங்கல் பக்கம், அர்ச்சுனா நதியில். மழை பெய்தால் நதி. மற்ற மாதங்களில் மணல். அந்த அணையும் போதாமல் தாமிரபரணியிலிருந்து குழாய் வந்திருக்கிறது. பக்கத்து மாவட்டத்து ஆறு இந்த ஊர்களின் வீட்டுக் குழாயில் வருகிறது.

சிவகாசி

சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து 1923-இல் இங்கே தொடங்கிய கதை சிவகாசியில் எல்லோருக்கும் மனப்பாடம். விருதுபட்டி நகர் ஆன அதே ஆண்டு. மழை பொய்க்கும் மண்தான் குச்சியும் மருந்தும் நமுத்துப் போகாமல் காத்தது. தீப்பெட்டிக்கு ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக லித்தோ அச்சு வந்தது. அச்சு வந்ததும் காலண்டர் வந்தது. தீக்குச்சி மருந்து தெரிந்த கைக்குப் பட்டாசு அடுத்த படி. குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாக இந்த ஊரில் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார்கள்.

அச்சாபீஸ் தெருவில் நடந்தோம். அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது இந்த ஊர் வழக்கம். அது முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. முருகனும் லட்சுமியும் ஈரம் காயாமல் கட்டுக் கட்டாகக் கிடந்தார்கள். மிஷின்காரர் ஒருவர், "நமக்கு அடுத்த வருசம் ஆடியிலயே பொறந்துரும் சார்" என்றார்.

எல்லாம் சிரிப்புக் கதை இல்லை. தீப்பெட்டியாபீசில் கட்டை அடுக்கிய குழந்தைகளைப் பற்றிப் பூமணி 'கருவேலம் பூக்கள்' என்று ஒரு படமே எடுத்தார். விடியும் முன்பே பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம் அது. இன்று அறுபது வயதாகிற பெண்கள் பலரும் அந்தப் பஸ்ஸில் போனவர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முதல் வெடிப்புக்குப் பிறகு உதவி செய்ய ஓடியவர்களும் அதில் இருந்தார்கள். அதன் பிறகும் ஒவ்வொரு கோடையிலும் சுற்றுவட்டத்தில் எங்கேயாவது ஓர் அறை சரிந்ததாகச் செய்தி வருகிறது.

2018-இல் உச்ச நீதிமன்றம் டெல்லிக் காற்று மாசு வழக்கில் சரவெடிக்குத் தடை போட்டது. பேரியம் உப்பையும் சேர்க்கக் கூடாது என்றது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த சரம் பின்னிவந்த பெண் ஒருவர் சொன்னார்: "டெல்லியில புகைனா இங்க அடுப்புல புகை வராதுண்ணே." பேச்சுக்காகச் சொன்னதல்ல. தீபாவளிக்குப் பிறகு ஆலை திறக்காமல் இருந்த மாதங்களைக் கணக்குச் சொன்னார். டெல்லிக்காரர்களின் நுரையீரலும் முக்கியம்தான் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. அவர் கைவிரல்களில் ஏறியிருந்த அலுமினியப் பொடியின் வெள்ளி நிறத்தைப் பார்த்தபடி பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த ஊர் எவ்வளவு பெரியது? 2011 கணக்கெடுப்பில் சிவகாசி நகராட்சிக்குள் சுமார் 71 ஆயிரம் பேர். திருத்தங்கலில் 55 ஆயிரம். சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்துக் கணக்கெடுப்புத் துறை வகுத்த சிவகாசி நகர்த்தொகுதியில் 2 லட்சத்து 34 ஆயிரம். அதாவது, ஊர் என்று காகிதம் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஊர் வெளியே இருந்தது. ஆனையூர், விஸ்வநத்தம், நாரணாபுரம், பள்ளபட்டி, சித்துராஜபுரம் போன்ற ஊராட்சிகளையும் மாநகராட்சியில் சேர்க்கும் பேச்சு தொடக்கம் முதலே நடக்கிறது. சேர்ந்தால் குழாயும் தெருவிளக்கும் வரும் என்பார் ஒருவர். நூறுநாள் வேலை போய்விடும், வீட்டுவரி ஏறும் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் தப்பில்லை.

வெம்பக்கோட்டை

தென்மேற்கே வெம்பக்கோட்டை. வைப்பாற்றின் கரை. சிவகாசிக்குக் குடிநீர் தரும் அணை இங்கேதான். பக்கத்தில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள் என்று ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

கடல் இங்கே இல்லை. சங்கு தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்திருக்க வேண்டும். யாரோ தூக்கி வந்து, இங்கே உட்கார்ந்து அறுத்து, வளையலாக்கி, வேறு எங்கோ விற்றிருக்கிறார்கள். பருப்புக்கடை அண்ணாச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. விளையாத மண்ணில் வாங்கிச் செய்து விற்பது நேற்றைய பழக்கம் இல்லை போலிருக்கிறது.

குழிகளைச் சுற்றி வேலி. அதற்கு அப்பால் தூரத்தில் மறுபடியும் அந்தச் சின்னச் சின்ன அறைகள். மதியம் சாப்பாட்டு மணி அடித்தது. வேப்ப மரத்தடிகளில் பெண்கள் தூக்குவாளிகளைத் திறந்தார்கள்.

சாத்தூர்

சாத்தூரில் காராச்சேவு வாங்காமல் வந்தால் வீட்டில் சேர்க்கமாட்டார்கள். சுடச்சுட எடை போட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார் கடைக்காரர். பூண்டும் மிளகும் வாயில் நிற்கும் காரம். பேனா முள் செய்து தென்னாட்டுப் பள்ளிக்கூடங்களையெல்லாம் எழுத வைத்த ஊர் இது. பால்பாயிண்ட் வந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டது. "நிப்புப் பட்டறையில இருந்த ஆளுகதான் அப்புறம் தீப்பெட்டிக்குப் போனாக" என்றார் கடைக்காரர். ஓர் ஊரின் தொழில் படுத்தால் அடுத்த ஊர் தாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கத்து ஊர்கள் ஒன்றாகிவிட்டன என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் எனக்குத் தேவைப்படவில்லை.

நான்குவழிச் சாலையில் வடக்கே திரும்பினோம். இ. குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஒரு ஜவுளிப் பூங்கா வரப்போகிறது. 2023-இல் அறிவித்தார்கள். அடுத்து ராமசாமிராஜா நகர் சிமெண்ட் ஆலை. அடுத்து சூலக்கரைத் தொழிற்பேட்டையும் ஆட்சியர் அலுவலகமும். அது முடிவதற்குள் விருதுநகரின் முதல் வீடுகள் வந்துவிட்டன. சாத்தூருக்கும் விருதுநகருக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் வெளி மிச்சம் இருக்கிறது. அதில் பாதியை மஞ்சள் கற்கள் எண்ணி வைத்திருக்கின்றன.

மறுபடி மல்லாங்கிணறு

கடைசி இரவு அக்கா வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தோம். தென்மேற்கே விருதுநகர் வெளிச்சம் வானத்தின் அடியில் மஞ்சளாகத் தேங்கி நின்றது. அதற்கு அப்பால் மங்கலாக இன்னொரு வெளிச்சம். "அது சிவகாசி" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். இருக்கலாம். மல்லாங்கிணற்றுக்கும் அந்த வெளிச்சத்துக்கும் நடுவே நல்ல இருட்டு. குரோம்பேட்டையில் இருட்டு என்றால் கரண்ட் போயிருக்கிறது என்று பொருள். இப்படி ஓர் இருட்டை நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

அக்காவின் மகள் மில் வேலை முடிந்து எட்டு மணிக்கு வந்தாள். அவள் சம்பளம் வாங்குவது காரியாபட்டிக்காரர் கையால். படித்தது விருதுநகரில். வரன் பார்ப்பது சாத்தூரில். தலைவலி பெரிதானால் போவது விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கு. அது 2022-இல் திறந்தது. தீபாவளிச் செலவுக்குச் சரம் பின்னப் போன மாதங்களில் சிவகாசிப் பக்கம். "எந்த ஊருனு கேட்டா என்னம்மா சொல்லுவ?" என்றேன். "விருதுநகர் பக்கம்னுதான் மாமா சொல்லுவேன்" என்றாள்.

கெடிஸின் சொல்லுக்குத் தமிழ் தேடி அலைந்தவர்கள் இந்தப் பெண்ணைக் கேட்டிருக்கலாம். எல்லை கிடையாது, வார்டு கிடையாது. ஆனால் எங்கே என்று கேட்டவருக்குச் சரியாக விளங்கிவிடும். நானும் ஊரைவிட்டு வெளியே போனால், "தாம்பரம் பக்கம்" என்றுதான் சொல்கிறேன். சொல் ஒன்றுதான், பொருள் வேறு. எங்கள் பக்கத்தில் ஏரியை மூடி, வயலை மூடி, வீட்டோடு வீட்டை ஒட்டி ஊர்கள் ஒன்றாயின. மழைக்காலத்தில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு எங்கள் கூடத்துக்குள் வருகிறது. இவர்கள் பக்கத்தில் வேனும் ரயிலும் சந்தையும் குழாயும் ஊர்களை எப்போதோ ஒன்றாக்கிவிட்டன. வீடுகள் மட்டும் தள்ளி நிற்கின்றன. கண்மாய்க்காகத் தள்ளி நின்றார்கள். பிறகு மருந்துக்காகத் தள்ளி நின்றார்கள்.

இந்த ஊர்களைச் சேர்ப்பது பற்றி முடிவெடுக்கும் கையில் பேனா இருப்பவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. தண்ணீரைச் சேருங்கள். பஸ்ஸைச் சேருங்கள். ஆஸ்பத்திரியையும் தீயணைப்பு வண்டியையும் எல்லா ஊருக்கும் பொதுவாகக் கணக்கிடுங்கள். கண்மாயையும் பட்டாசு அறையைச் சுற்றியுள்ள காலி நிலத்தையும் மனையாக்க மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களுக்குத் தாம்பரம் பக்கத்தில் அந்த இடம் இனி திரும்பக் கிடைக்காது. உங்களுக்கு இன்னும் இருக்கிறது.